முதலில் இதைப் படி

சோனியாவுக்குப் பதினெட்டு நாள் லீவு வேண்டியிருந்தது. சும்மா லீவு இல்லை, போன் எடுக்காத லீவு. புதுவாயலில் ஹைவே ஓரம் ஹனீப் பாய் நடத்தும், தகடு அடிக்கும் பிரஸ் பட்டறையில் அப்படி ஒரு லீவை இதுவரை எவரும் கண்ணால் பார்த்ததில்லை. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, எந்த அச்சு எந்த ரேக்கில் இருக்கிறது என்று போனில் சொன்னவள் அங்கே வேலை பார்க்கும் விக்டோரியா. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இடம் அது.

லீவுக்குக் காரணம் சோனியாவின் அம்மா மேரியின் முட்டி. ஆரம்பாக்கத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு அம்மாவும் மகளும் சேர்ந்து நடந்து வருவதாக மாதாவிடம் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் பட்டறையில் புது ஆர்டர் வந்து கெடுத்தது. இரண்டாம் வருஷம் ஆடிட். போன வருஷம் வேன் எண்ணெல்லாம் மாறியது என்று ஏதோ ஒரு சாக்கு. இந்த ஜூலையில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நடப்பதானால் இந்த வருஷமே நடந்துவிடுங்கள், அடுத்த ஆகஸ்டில் இந்த முட்டி உங்கள் பேச்சைக் கேட்காது என்று சொல்லிவிட்டார். மேரி அன்று சாயங்காலமே கும்மிடிப்பூண்டி பஜாரில் நடைக்கு உடுத்த இரண்டு காவிப் புடவை எடுத்துவிட்டாள். கூடவே ஒரு கண்டிஷனும் போட்டாள். மாதாவுக்காக நடக்கிறவள் கையில் ஜெபமாலை இருக்கலாம், செல்போன் இருக்கக் கூடாது. மூன்று வருஷமாகக் காத்திருந்தவளிடம் இதில் பேரம் பேச சோனியாவுக்கு மனம் வரவில்லை.

பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கார் கம்பெனிகளுக்கான சின்னச் சின்னத் தகடு பிராக்கெட்டுகளை அங்கே அடித்து அனுப்புகிறார்கள். எட்டு பிரஸ், பத்தொன்பது பேர், அதில் பதினான்கு பேர் பெண்கள். காலையில் யார் எந்தப் பிரஸ்ஸில் உட்காருவது, எந்தச் சரக்கு எந்த வேனில் ஏறுவது எல்லாவற்றையும் சோனியா எழுதிய சாப்ட்வேர்தான் சொல்லும். சோனியா எழுதியது என்பது பாதி உண்மை. பொன்னேரியில் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கிவிட்டு பில் அடிக்கும் வேலைக்கு வந்தவள் அவள். கம்ப்யூட்டரில் ஒரு ஏஐ உதவியாளரைப் போட்டுக்கொண்டு, இது வேண்டும், அது வேண்டும் என்று அதனிடம் சொல்லிச் சொல்லி, அது கோட் எழுத, இவள் சரிபார்க்க, இருவருமாகக் கட்டி எழுப்பியது அது.

அந்த உதவியாளருக்கு ஸ்டோர் கீப்பர் ஜெயராஜ் வைத்த பெயர் புது ஆள். சும்மா சொல்லக் கூடாது, பொருத்தமான பெயர். சாயங்காலம் வரை பட்டறையைக் கரைத்துக் குடித்ததுபோல் பேசும். மறுநாள் காலையில் திறந்தால், அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்ததுபோல் வந்து நிற்கும். புத்திசாலி, சுறுசுறுப்பு, முகம் சுளிக்காது. ஆனால் நேற்று என்ற ஒன்று அதற்குக் கிடையாது. அதைவிடத் தொல்லை, தனக்குப் புரியாததைத் தானே திருத்திவிடும். ஒரு முறை, வெள்ளிக்கிழமைதோறும் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை எட்டு பிரஸ்ஸும் நிற்பதைப் பார்த்து, இது ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, அந்த நேரத்துக்கும் ஆள் போட்டு லிஸ்ட் கொடுத்துவிட்டது. ஜும்மா தொழுகைக்காகப் பட்டறையை நிறுத்திவிட்டுப் போன ஹனீப் பாய் திரும்பி வந்து பார்த்தால், இரண்டாம் பிரஸ்ஸுக்கு நேரே அவர் பெயரே இருந்தது.

அதற்கு அப்புறம்தான் சோனியா ஒரு கோப்பு ஆரம்பித்தாள். பெயர், முதலில் இதைப் படி. காலையில் புது ஆள் எதையும் தொடுவதற்கு முன் அதைப் படித்துவிடும். சாயங்காலம் கிளம்பும்போது, இன்று என்ன மாற்றினோம், எதற்காக மாற்றினோம், மிச்சம் என்ன என்று சோனியா அதிலேயே எழுதி வைத்துவிடுவாள். வெள்ளிக்கிழமை நிற்பது கோளாறு இல்லை, தொழுகை. ஆயுத பூஜை அன்று எல்லா பிரஸ்ஸுக்கும் பொட்டு வைப்பார்கள், அன்றைக்கு லிஸ்ட் வேண்டாம். இப்படி ஒவ்வொரு வரியாகச் சேர்ந்தது. புது ஆள் தினமும் புதிதாகவே வந்தாலும், பத்து நிமிஷத்தில் பழைய ஆளாகிவிட்டது.

லீவு கேட்கப் போன அன்று ஹனீப் பாய் கணக்கு நோட்டை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். அவர் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். முடியாது என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார். சரி என்றும் சொல்ல மாட்டார். இடையில் ஏதாவது ஒரு பந்தயம் வைப்பார்.

"பதினெட்டு நாளு நான் யாராண்ட போய்க் கேக்கறது?"

"எல்லாமே கோப்புல எழுதி வெச்சிருக்கேன் பாய். புது ஆளுகிட்ட கேட்டா சொல்லும்."

"அப்போ ஒண்ணு பண்ணு. வர்ற வியாழக்கெழம நீ வேலைக்கு வா. ஆனா தண்ணி டிரம் பக்கத்துல நாற்காலி போட்டுக்கினு சும்மா குந்து. ஜெயராஜு அந்தப் புது ஆளை வெச்சிக்கினு நாள ஓட்டட்டும். சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வரலன்னா, தாராளமா போய்ட்டு வா. வந்துச்சி, லீவு கெடையாது."

கேட்டுக்கொண்டு நின்ற ஜெயராஜ் இரண்டடி பின்னால் நகர்ந்தார். நாற்பத்தைந்து வயதில் அவர் கீபோர்டைத் தொட்டதெல்லாம் தூசி தட்டத்தான்.

வியாழக்கிழமைக்குப் பத்து நாள் இருந்தது. சோனியா எழுதினாள், எழுதினாள், எழுதிக்கொண்டே இருந்தாள். ரயிலில் வரும்போது ஞாபகம் வந்ததைக் கையில் கிறுக்கிக்கொண்டு வந்து கோப்பில் ஏற்றினாள். இருநூறு வரி முந்நூறு ஆயிற்று. ஒரு வரியைக்கூட அவள் எடுக்கவில்லை.

எடுக்காததற்கு அந்தப் பட்டறையின் வழக்கம்தான் காரணம். அங்கே கேட் பக்கத்தில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் எழுதியவர்தான் அழிக்க வேண்டும். எப்போதோ ஒரு நாள் யாரோ ஒருவர் ஓவர்டைம் பட்டியலை அழித்துவிட்டு, அது கைகலப்பு வரை போனபோது பாய் போட்ட சட்டம் அது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் எழுத இருக்கும் வேகம் அழிக்க யாருக்கு வரும்? வேன் டிரைவர் அருணாச்சலத்தின் சாவி கிடைத்தது, வந்து வாங்கிக்கொள்ளவும் என்கிற அறிவிப்பு இரண்டு வருஷமாக அந்தப் பலகையில் இருக்கிறது. அந்தச் சாவிக்குரிய வண்டியையே அவர் விற்றுவிட்டார். இந்தப் பலகையைத் தினமும் பார்த்து வளர்ந்த கை சோனியாவுடையது. எழுதினால் இருக்கட்டும், அழித்தால்தான் வம்பு என்று அதற்குப் பழகிப்போயிருந்தது.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு சோனியா நாற்காலியில் உட்கார்ந்து, பாக்கெட்டாக வாங்கி வந்திருந்த இஞ்சி மிட்டாயில் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டாள். ஜெயராஜ் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன் செருப்பைக் கழற்றினார்.

புது ஆளை அவர் சார் என்று கூப்பிட்டார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில், ஒற்றை விரலால் குத்திக் குத்தி, வணக்கம் சார், நான் ஜெயராஜ், ஸ்டோர், சோனியா இன்று பேசமாட்டாள் என்று அடித்தார். அது கோப்பைப் படித்துவிட்டு, வணக்கம் ஜெயராஜ், இன்று வியாழன், எட்டு பிரஸ்ஸும் ஓடும், முதல் வேன் பதினொன்றுக்கு என்று பதில் போட்டது. ஜெயராஜ் அதை உரக்கப் படித்தார். எதையுமே மனசுக்குள் படிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அன்று முழுக்க புது ஆள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் பட்டறை முழுக்கக் கேட்டது.

பத்தரைக்கு ஒரு வேன் பஞ்சர். புது ஆள் மாற்று ஏற்பாடு சொன்னது. பன்னிரண்டுக்கு ஒரு கம்பெனியிலிருந்து புது பிராக்கெட் நம்பர் வந்தது. அதைச் சாப்ட்வேரில் சேர்க்க வேண்டும். ஜெயராஜ் வேர்த்து விறுவிறுத்துக் கேட்க, அது கோட் எழுதிச் சேர்த்து, சரிபார்த்துப் பாருங்கள் என்றது. நடுவில் ஒரு இடத்தில் ஜெயராஜ் தவறான பட்டனை அமுக்கப் போனார். சோனியாவின் வாய் திறந்தேவிட்டது. நல்லவேளை, மிட்டாய் தொண்டையில் சிக்கி இருமல்தான் வந்தது. இருமல் வார்த்தையில் சேராது என்று பாய் கேபினிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். மதியம் சோறு இறங்கும்போது சோனியாவுக்குக் கண் முன்னால் வேளாங்கண்ணிக்குப் போகும் மரக்காணத்து ரோடே தெரிந்தது.

நாலு மணிக்கு விக்டோரியாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள். அவள் கிளம்பிவிட்டாள். அவள் உட்காரும் மூன்றாம் பிரஸ் காலி. ஆறு மணி வேனில் ஏற வேண்டிய சரக்கு அந்தப் பிரஸ்ஸில்தான் இருந்தது.

யாரைப் போடுவது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கங்கம்மா ஆறு வருஷம் அந்த மூன்றாம் பிரஸ்ஸில் உட்கார்ந்தவள். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். இந்த ஐந்து மாசமாகத்தான் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து பிராக்கெட் எண்ணிக்கொண்டிருக்கிறாள். வயசு ஐம்பத்து மூன்று ஆகிறது, உட்கார்ந்த வேலையாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள் போல என்று சோனியா நினைத்திருந்தாள். கொஞ்ச நாளாக அக்கா தன்னோடு பேசுவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்தால் முதலில் சோனியா டப்பாவில்தான் வைப்பாள் கங்கம்மா. இந்தக் கோடையில் அவளைத் தாண்டிப் போய்விட்டாள். காரணம் கேட்கச் சோனியாவுக்குக் கூச்சமாக இருந்தது.

ஜெயராஜ் கங்கம்மா பெயரை அடித்தார். புது ஆள் வேறு பெயரைக் காட்டியது. மறுபடி அடித்தார். கங்கம்மாவை மூன்றாம் பிரஸ்ஸில் போடக் கூடாது என்று குறிப்பு இருக்கிறது என்றது. எந்தக் குறிப்பு சார் என்று கேட்டார். அது அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டியது. ஜெயராஜ் காலையிலிருந்து செய்துகொண்டிருந்தபடியே, பட்டறை முழுக்கக் கேட்கும் குரலில் படித்தார். மார்ச் பன்னிரண்டு, கங்கம்மா அக்காவை மூன்றாம் பிரஸ்ஸில் போடாதே, எழுதியது சோனியா.

பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. கங்கம்மா எண்ணிக்கொண்டிருந்த பிராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"இன்னொரு தபா படி நைனா."

ஜெயராஜ் படித்தார். இந்த முறை மெதுவாக.

சோனியாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மார்ச் மாதத்தில் கங்கம்மாவுக்கு ஆள்காட்டி விரலில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்தார்கள். விரலுக்கு ஆபத்து வரக் கூடாதே என்று இவள்தான் அந்த வரியை எழுதினாள். பதினைந்து நாளில் கட்டுப் பிரித்தாயிற்று. ஆனால் ஏன் என்றும் எழுதவில்லை, எது வரைக்கும் என்றும் எழுதவில்லை. அழிக்கவும் இல்லை. புது ஆள் ஐந்து மாசமாக, தினமும் காலையில் அந்த வரியைப் படித்து, சொன்ன சொல் தட்டாமல் கங்கம்மாவை ஓரத்து மேஜைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

கங்கம்மா சோனியாவின் எதிரில் வந்து நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவள் அந்த விரலை நீட்டிக் காட்டினாள். அதில் ஒன்றுமே இல்லை, மெல்லிய தழும்பைத் தவிர.

"நான் கெழவியாய்ட்டேன்னு பாய்தான் என்ன ஓரம் கட்டிட்டாருன்னு இருந்தேன். தீபாவளியோட நின்னுடலாம்னு ஊட்ல சொல்லி வெச்சிட்டேன். நீயாம்மா?"

சுவரில் மணி நாலு இருபது. ஆறு மணிக்கு இன்னும் ஒரு மணி நாற்பது நிமிஷம்தான். தலையை ஆட்டினால் போதும். ஆறு மணிக்கு மேல் காலில் விழுந்துகூட மன்னிப்புக் கேட்கலாம். அம்மா பீரோவில் மடித்து வைத்திருக்கும் காவிப் புடவை சோனியாவுக்கு நினைவில் வந்தது. அம்மா படி இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொள்வதும் வந்தது. ஆனால் ஐந்து மாசம் ஒரு மனுஷியை மூலையில் உட்கார வைத்துவிட்டு, அவள் எதிரில் வந்து கேட்கும்போது கடிகாரத்தைப் பார்க்கிறவள் எந்த மாதாவைப் பார்க்கப் போய் என்ன?

"நான்தாங்கா," என்றாள் சோனியா. "கட்டு பிரிச்சப்புறம் அத அழிக்கவே இல்ல. நீங்களா கேட்டு அங்க குந்திக்கினீங்கன்னு நெனச்சிக்கினேன். ஒரு வார்த்த உங்களக் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னுதுதாங்கா."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேபின் கதவு திறந்தது. பாய் வந்து நின்று, பேசிவிட்டாயா என்று கேட்டார். பேசிவிட்டேன் பாய் என்றாள். வார்த்தை என்றால் வார்த்தைதான் என்று அவர் சொன்னபோது குரலில் சந்தோஷம் இல்லை. ஆனாலும் சொன்னார். வைத்த பந்தயத்தைத் தானே உடைத்த வரலாறு அவர் குடும்பத்தில் கிடையாது.

இப்போது கங்கம்மா திரும்பினாள். அழுதுகொண்டிருந்தவளை விட்டுவிட்டு நேராகப் பாயிடம் போனாள்.

"பாய், அந்தப் பொண்ணு மிஷினுக்காவ வாய் தொறக்கல. எனக்காவத் தொறந்துச்சி. அதுக்குப் போய் லீவ கட் பண்ணீங்கன்னா, இனிமே இந்தப் பட்டறைல எவ எவகிட்ட வந்து தப்புன்னு ஒத்துப்பா?"

பாய் ஜெயராஜைப் பார்த்து, சோனியா சொன்னதில் உன் வேலைக்கு ஏதாவது உதவியதா என்று கேட்டார். ஒரு எழுத்துகூட உதவவில்லை பாய், எனக்கும் சேர்த்து அழுகை வந்ததுதான் மிச்சம் என்றார் ஜெயராஜ். பாய் தாடியைத் தடவிக்கொண்டார். அது அவர் இறங்கி வருகிறார் என்பதற்கு அடையாளம்.

வேலைக்கு உதவாத வார்த்தை கணக்கில் சேராது, பந்தயம் ஆறு மணி வரை அப்படியே நடக்கும் என்றார். ஆனால் அதற்கு முன்னால் இந்தக் கோப்பில் இன்னும் யார் யார் மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். எழுதியவள்தான் அழிக்க வேண்டும், அது சட்டம். வாய்க்குத்தான் பூட்டு, கைக்கு இல்லை. ஆகவே சோனியா கீபோர்டில் உட்காரட்டும். ஜெயராஜ் வரி வரியாகப் படிக்கட்டும். அந்த வரி யாரைப் பற்றியதோ, அவர் வந்து அது இன்னும் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று சொல்லட்டும்.

அப்படி ஒரு கூத்து அந்தப் பட்டறையில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. ஒரு பிரஸ்ஸைத் தவிர மற்றதெல்லாம் நிற்க, கங்கம்மா மட்டும் கையால் எழுதிய சீட்டோடு மூன்றாம் பிரஸ்ஸில் உட்கார்ந்து அவசரச் சரக்கை அடித்துத் தள்ளினாள். மற்றவர்கள் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். அருணாச்சலம் சாயங்கால டிரிப்புக்கு வேண்டாம், மகள் டியூஷன் என்று ஒரு வரி. அந்த மகள் இப்போது காலேஜில் நர்ஸிங் படிக்கிறாள். மெக்கானிக் அன்பு ஐந்தாம் பிரஸ்ஸின் மோட்டாரைப் பற்றி மூன்று வரி சொல்லி எழுத வைத்திருந்தான். அந்த மோட்டாரையே மாற்றி ஒரு வருஷம் ஆகிறது. நோன்பு மாதத்துக்காகப் போட்ட நேர அட்டவணை, நோன்பு முடிந்தும் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. சோனியா பேசாமல் அழித்துக்கொண்டே வந்தாள். உயிரோடு இருக்கும் வரிகளுக்கு ஏன், எது வரைக்கும், யாரைக் கேட்க வேண்டும் என்று மூன்றையும் சேர்த்துத் தட்டினாள். பாதி கிணறு தாண்டும் முன்பே, வாய் பேசாத அவளைப் பார்த்து யாரோ கல்யாணப் பெண்போல் இருக்கிறாள் என்று கிண்டல் செய்தார்கள்.

முந்நூறு வரி நூற்று நாற்பது ஆனபோது மணி ஐந்து முப்பத்தைந்து. சோனியா எழுந்து நாற்காலிக்குப் போனாள். ஜெயராஜ் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தார். காலையில் நடந்ததெல்லாம் அதற்கு மறந்துபோயிருந்தது. திரும்பவும் வணக்கம் சார், நான் ஜெயராஜ், ஸ்டோர் என்று ஆரம்பித்தார். புது ஆள் படித்தது. மூன்றாம் பிரஸ்ஸுக்குக் கங்கம்மா, ஆறு வருஷ அனுபவம் என்று முதல் வரியிலேயே சொன்னது. வேனுக்கு ஏற வேண்டிய பெட்டிகளை வரிசையாகக் கொடுத்தது. நாளைக் காலை லிஸ்டில், வெள்ளி என்பதால் பன்னிரண்டரைக்கு எல்லாவற்றையும் நிறுத்தியும் வைத்தது. காலையில் அரை மணி ஆன வேலை எட்டு நிமிஷத்தில் முடிந்தது.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வேன் கேட்டைத் தாண்டியது. யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. எல்லோரும் கடிகாரத்தையும் சோனியாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முள் ஆறைத் தொட்டதும் பாய்தான் முதலில் பேசினார்.

"போய்ட்டு வாம்மா. எங்களுக்காகவும் ரெண்டு அடி சேத்து நடந்துட்டு வா."

சோனியா நாற்காலியைத் தூக்கி அதன் இடத்தில் வைக்கப் போனாள். கங்கம்மாதான் அவள் முதுகில் ஒன்று வைத்து, ரயிலுக்கு நேரமாச்சு என்று விரட்டினாள்.

நடை கிளம்பி ஆறாம் நாள். மரக்காணம் தாண்டி, இரண்டு பக்கமும் உப்பளம். மேரி முட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, வேகம் இல்லாமல், ஆனால் நிற்காமல் நடந்தாள். பக்கத்தில் நடந்து வந்த திண்டிவனத்துக்காரப் பெண் ஒருத்தி பேச்சுக்கொடுத்தாள். எங்கே வேலை, என்ன வேலை என்று கேட்டாள். சோனியா உற்சாகமாக ஆரம்பித்தாள். புதுவாயலில் ஒரு பட்டறை, பிரஸ் ஓடும், அதற்குச் சாப்ட்வேர் என்றாள். எத்தனை பிரஸ் என்று அந்தப் பெண் கேட்டாள்.

சோனியா வாயைத் திறந்தாள். எண்ணிக்கை வரவில்லை. ஏழா, எட்டா? இரண்டு வருஷமாக ராத்திரித் தூக்கத்திலும் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த பிரஸ்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தன. தலை லேசாக, காலியாக, காற்றோட்டமாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாடி சிரிக்கற?" என்று மேரி கேட்டாள்.

"ஒண்ணும் இல்லமா. மறந்துட்டேன்."

என்னத்தை மறந்தாள் என்று மேரி கேட்கவில்லை. மகளின் கையைப் பிடித்து அதில் தன் பாரத்தைக் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். இருவரும் நடந்தார்கள்.